மேட்டூர்த் தண்ணீர் வானிலை மாதிரிக்குத் தெரியுமா?

மன்னார்குடிப் பக்கம் வெண்ணாற்றுப் பாசனத்தில் நெல் சாகுபடி செய்யும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவு முடிந்த பிறகு தம் ஊரில் பிற்பகல் வெக்கை தணிந்து புழுக்கம் கூடுவதை அவர் ஆண்டுதோறும் உணர்கிறார். ஆனால் கைபேசியில் வரும் முன்கணிப்போ, வயல் காய்ந்து கிடந்த மே மாதத்தில் எப்படி இருந்ததோ அப்படியே வெயிலைக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே, வானிலை மாதிரிகள், அதாவது முன்கணிப்பைக் கணக்கிட்டுத் தரும் கணினி நிரல்கள், மண்ணின் ஈரத்தைக் கணக்கில் எடுக்கின்றனவா, எடுக்கின்றன என்றால் வயலில் ஓர் ஈர சென்சாரைப் பதித்து அதன் அளவுகளை அனுப்பினால் டெல்டாவுக்கான மழைக் கணிப்பு மேம்படுமா என்று அவர் கேட்கிறார். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மாதிரிக்கு மண் என்று ஒன்று இருப்பது தெரியுமா? அதற்குத் தெரிந்த மண் நம்முடைய மண்தானா? அது சரியாகிவிட்டால் மழையும் சரியாகுமா? முதலாவதற்கு என் பதில் உறுதியாக ஆம். இரண்டாவதற்குப் பெரும்பாலும் இல்லை. மூன்றாவது, எந்தப் பருவத்து மழையைப் பற்றிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. வட்டார வானிலை மாதிரிகளில் தரைப்பகுதியைக் கவனிப்பதே பல ஆண்டுகளாக என் வேலை. உழவு என் தொழில் அன்று. வயல் நடைமுறை பற்றி நான் சொல்வதில் திருத்த வேண்டியது இருந்தால் இங்குள்ள உழவர்கள் திருத்த வேண்டுகிறேன்.

மண் ஈரம் வானிலைக்கு ஏன் ஒரு பொருட்டாகிறது என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை. தரைக்கு வந்து சேரும் ஆற்றலில் திரும்பிப் போனது போக எஞ்சுவது மூன்று வழிகளில் செலவாகிறது. ஒரு பங்கு நீரை ஆவியாக்குகிறது. ஒரு பங்கு தரையை ஒட்டிய காற்றைச் சூடாக்குகிறது. ஒரு சிறு பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது. மண்ணில் நீர் இருந்தால் முதல் பங்கு பெருகி இரண்டாவது சுருங்கும். நீர் இல்லையென்றால் இது நேர்மாறாகும். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 24.5 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். பச்சை பிடித்த நெல் வயல் ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் நீரை ஆவியாக்குகிறது என்று வைத்துக்கொண்டால், அது சதுர மீட்டருக்கு 5 லிட்டர், ஏக்கருக்குச் சுமார் 20,000 லிட்டர். அதற்கான ஆற்றலை இருபத்துநான்கு மணி நேரத்துக்குப் பரப்பிப் பார்த்தால் சதுர மீட்டருக்கு 140 வாட் அளவில் வரும். அந்த நாளில் அந்த நிலத்துக்கு நிகரமாகக் கிடைத்த ஆற்றலின் பெரும்பகுதியே அதுதான். இதே நிலம் கோடையில் காய்ந்து கிடக்கும்போது அதில் பெரும்பகுதி காற்றைச் சூடாக்கப் போய்விடுகிறது. ஆகவே தண்ணீர் வந்த பிறகு வெக்கை தணிவதாக உங்களுக்குத் தோன்றுவது உண்மையே. புழுக்கம் கூடுவதும் அதே கணக்கின் மறுபக்கம்தான். காற்றின் வெப்பம் குறைந்தாலும் அதில் ஈரம் ஏறிவிடுவதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை.

மாதிரிகள் இதை அறியாதவை அல்ல. 1969இல் சியுகுரோ மனாபே, நிலத்தை 15 சென்டிமீட்டர் நீர் கொள்ளும் ஒரு வாளியாகக் கற்பனை செய்து, மழை பெய்தால் நிரம்பவும், நிரம்பினால் வழியவும், வெயிலில் வற்றவும் செய்தார். காலநிலையைக் கணினியில் கணக்கிடும் வழிகளுக்காக 2021இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர் அவர். இன்றைய மாதிரிகளில் மண் பல அடுக்குகளாக வைக்கப்படுகிறது. வட்டாரக் கணிப்புக்கு உலகெங்கும் பரவலாகப் பயன்படும் டபிள்யூ.ஆர்.எஃப். மாதிரியுடன் இணையும் நோவா என்ற தரைப்பகுதி, மேலிருந்து 10, 30, 60, 100 சென்டிமீட்டர் தடிப்புள்ள நான்கு அடுக்குகளாக இரண்டு மீட்டர் ஆழம் வரை மண்ணைக் கணக்கிடுகிறது. ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்கணிப்பு மையத்தின் மாதிரியில் முதல் அடுக்கு 7 சென்டிமீட்டர்தான். நான்காவது அடுக்கு ஏறத்தாழ மூன்று மீட்டர் ஆழம் வரை போகிறது. நொய்டாவில் உள்ள நம் தேசிய நடுத்தரகால வானிலை முன்கணிப்பு மையத்தின் மாதிரியிலும் நான்கு அடுக்குகள் உண்டு. ஒவ்வொரு அடுக்கிலும் எவ்வளவு நீர், எவ்வளவு வெப்பம், வேர் எவ்வளவு உறிஞ்சுகிறது, எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதெல்லாம் சில நிமிடங்களுக்கு ஒரு முறை கணக்கிடப்படுகின்றன. மேலடுக்கு சில நாட்களில் காய்ந்துவிடும். வேர் மண்டலத்து ஈரமோ வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் நிற்கும். காற்றின் நினைவு சில நாட்களுக்கு மேல் நீடிப்பதில்லை. அதனால்தான் மண்ணின் இந்த நீண்ட நினைவை முன்கணிப்புக்குப் பயன்படுத்த முடியுமா என்று இத்தனை ஆண்டுகளாக முயன்று வருகிறார்கள்.

ஆனால் அந்த மண்ணுக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், டெல்டாவின் சிக்கல் தொடங்கிவிடுகிறது. வழக்கமான அமைப்பில் மாதிரியின் மண்ணுக்கு நீர் வரும் வழி ஒன்றே ஒன்றுதான்: மழை. காவிரிப் படுகையின் கடைசிப் பகுதியான நம் மாவட்டங்களுக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் கிடைக்கிறது. ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப்பக்கம் பொழிந்துவிட்டு இங்கே காற்றாக மட்டும் வருகிறது. ஆகவே மாதிரியின் கணக்கில் ஜூலை மாதத்துத் தஞ்சாவூரும் திருவாரூரும் பங்குனி முதல் வெயிலில் கிடந்து காய்ந்த நிலங்கள். உண்மையில் அந்த நேரத்தில் குறுவை வயல்களில் சேறும் தண்ணீரும் நிற்கின்றன. குடகிலும் வயநாட்டிலும் விழுந்த மழை மேட்டூரில் தேங்கி, கல்லணையில் பிரிந்து, மடை மடையாக வந்து நிற்கும் நீர் அது. மாதிரி குடகு மழையைக் கணக்கிடுகிறது. அந்த மழை ஆற்றில் இறங்கி முந்நூறு, நானூறு கிலோமீட்டர் தாண்டி வேறொரு மாவட்டத்தின் மண்ணை நனைக்கும் என்பது அதன் கணக்கில் இல்லை. நீங்கள் பார்க்கும் முன்கணிப்பு மாறாமல் இருப்பதற்கு முதன்மையான காரணம் இதுதான் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

அப்படியானால் பாசனத்தைச் சேர்த்துவிடலாமே என்று கேட்கலாம். சேர்த்திருக்கிறார்கள். அண்மைய பதிப்புகளில் தெளிப்பு, சொட்டு, வெள்ளப் பாசனம் என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. ஆனால் அவை இயங்கும் முறை நமக்குப் பொருந்துவதில்லை. பயிர்க்காலத்தில் மண் ஈரம் ஒரு வரம்புக்குக் கீழே போனால் தானாக நீர் பாய்ச்சும்படி அவை எழுதப்பட்டுள்ளன. நீர் எப்போதும் கைவசம் இருக்கிறது என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. டெல்டாவில் மண் காய்ந்ததா என்பதைவிட, அணை திறந்ததா, முறை வந்ததா, கடைமடைக்கு எட்டியதா என்பவைதான் பாய்ச்சலை முடிவு செய்கின்றன. மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் நாளான ஜூன் 12ஐ நாள்காட்டியை வைத்து எழுதிவிடவும் முடியாது. 2022இல் மேட்டூர் அணை மே 24 அன்றே திறக்கப்பட்டது. 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2023இலும் 2025இலும் வழக்கமான ஜூன் 12 அன்று திறந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் இரண்டு மாதத்துக்கும் மேற்பட்ட வித்தியாசம். திறந்த நாளும் ஊருக்கு ஊர் வெவ்வேறு பொருள் தருகிறது. கல்லணைக்கு மூன்று, நான்கு நாட்களில் வந்துவிடும் தண்ணீர் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்கு வரப் பல நாட்கள், சில ஆண்டுகளில் வாரங்கள்கூட ஆகின்றன. இதற்கு மேல், போர்வெல் வைத்திருப்பவர்கள் அணையை எதிர்பார்க்காமல் சித்திரை, வைகாசியிலேயே முன்பட்டக் குறுவையைத் தொடங்கிவிடுகிறார்கள். ஆக, மே மாதக் கடைசியில் மேலிருந்து பார்த்தால் டெல்டா பச்சையும் சாம்பலுமாகத் துண்டு துண்டாகத்தான் தெரியும்.

இரண்டாவது சிக்கல் மண்ணின் இயல்பு. பழைய டெல்டாவில் கனத்த வண்டல் களி. கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் மணற்பாங்கான செம்மண். வேதாரண்யம் கரையில் மணல். மாதிரிகள் வழக்கமாகப் பயன்படுத்தும் உலக மண் வரைபடத்தின் அடிப்படை 50 லட்சத்துக்கு 1 என்ற அளவில் வரையப்பட்டது. அதில் இந்த வேறுபாடுகள் பெரும்பாலும் கரைந்துபோகின்றன. 250 மீட்டர் நுணுக்கமுள்ள புதிய உலக வரைபடங்கள் வந்திருப்பது உதவுகிறது. ஆனால் வரைபடம் களி என்று சரியாகச் சொன்னாலும், அந்தக் களியை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. தலைமுறை தலைமுறையாகச் சேற்றுழவு செய்த வயலில், உழவு ஆழத்துக்குக் கீழே இறுகிய ஒரு தளம் உருவாகிவிடுகிறது. நடவு வயலில் நீர் நிற்பதற்கே அதுதான் காரணம். மாதிரியின் மண்ணில் அந்தத் தளம் இல்லை. அதில் ஐந்து சென்டிமீட்டர் நீரைக் கட்டினால் அது கீழே இறங்கிப் போய்விடும், அல்லது வழிந்தோடியதாகக் கணக்கெழுதப்படும். பங்குனி, சித்திரையில் அதே வயல் கை நுழையும் அளவுக்கு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். அப்போது விழும் கோடை மழையின் ஒரு பகுதி மேலடுக்கை நனைக்காமலேயே வெடிப்பு வழியே ஆழத்துக்குப் போய்விடுகிறது. மண் சுருங்குவதும் வெடிப்பதும் மாதிரிக்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரை ஓர் அடுக்கு முழுவதும் ஒரே சீரான பொருள். இந்த இரண்டு குறைகளும் டெல்டாவில் கணிசமானவை என்பது என் உறுதியான கருத்து. அவற்றால் வெப்பநிலைக் கணிப்பில் எத்தனை டிகிரி பிசகுகிறது என்று ஓர் எண்ணாகப் பிரித்துச் சொல்வதற்கு மட்டும், வயல் அளவுகளுடன் ஒப்பிட்ட நீண்ட பதிவுகள் வேண்டும்.

செயற்கைக்கோள் பார்த்துச் சொல்லிவிடாதா என்ற கேள்வி இயல்பாக எழும். ஐரோப்பியர்கள் 2009இல் அனுப்பிய ஸ்மாஸ், அமெரிக்கர்கள் 2015இல் அனுப்பிய ஸ்மாப் இரண்டும் மண் ஈரத்துக்காகவே ஏவப்பட்டவை. தரை இயல்பாக வெளிவிடும் 21 சென்டிமீட்டர் அலைநீளக் கதிர்களை அளந்து, மேல் ஐந்து சென்டிமீட்டர் மண்ணின் ஈரத்தை அவை கணிக்கின்றன. பெரிய சமவெளிகளில் இது நன்றாகவே வேலை செய்கிறது. டெல்டாவில் மூன்று தடைகள். ஒன்று, அவை ஒரே பார்வையில் பார்க்கும் பரப்பு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் அகலமுள்ளது. திருவாரூரைத் தாண்டிக் கிழக்கே போனால் அந்த வட்டத்துக்குள் கடல் விழுந்துவிடும். தெற்கேயும் நமக்குக் கடல்தான். இரண்டு, நின்ற நீரும் நனைந்த மண்ணும் கலந்த பரப்பில், ஈரத்தைக் கணிக்கும் வாய்பாடே பொருந்தாமல் போகிறது. மூன்று, பயிர் அடர்ந்த பிறகு அதன் தண்டிலும் இலையிலும் உள்ள நீர் மண்ணின் குறியை மறைக்கிறது. கடலோரத்து அளவுகள் பெரும்பாலும் நம்பத்தகாதவை என்று குறிக்கப்பட்டு மாதிரிக்குள் போகாமலேயே கழிக்கப்படுகின்றன. ரேடார் செயற்கைக்கோள்கள்மீது எனக்கு நம்பிக்கை அதிகம். 2022 பிப்ரவரியில் ஏவிய இ.ஓ.எஸ்.-04, இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார் போன்றவை வயல் அளவு நுணுக்கத்தில் பார்க்கின்றன. நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் ரேடார் படத்தில் கறுப்பாகத் தெரிந்து, பயிர் வளர வளர வெளுக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்த இயல்பைக் கொண்டே நெல் பரப்பை வரைந்து வந்திருக்கிறது. நிசார் ஒரே இடத்தை ஒரே கோணத்தில் 12 நாட்களுக்கு ஒரு முறைதான் மீண்டும் பார்க்கும். அன்றாட ஈரத்துக்கு அது போதாது. மாதிரி நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்தே கணக்கிடுகிறது; எந்தக் கட்டத்தில் எவ்வளவு பங்கு வயலில் இப்போது தண்ணீர் நிற்கிறது என்ற கேள்விக்கு அது போதும். டெல்டாவுக்கு வேண்டிய முதல் தகவலும் அதுதான்.

மாதிரிகள் மண் ஈரத்தைத் திருத்திக்கொள்ள இன்னொரு வழியும் உண்டு. வானிலை நிலையத்தில் அளந்த வெப்பமும் ஈரப்பதமும் கணிப்பிலிருந்து விலகினால், மண் ஈரம் தவறாக இருக்கலாம் என்று கொண்டு அதைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ விடுவார்கள். ஐரோப்பிய மையம் நெடுங்காலமாக இப்படிச் செய்கிறது. கணிப்பு மிகையாகச் சுட்டால் மண்ணில் நீர் சேர்க்கப்படும். அந்த அளவுக்குப் பாசனம் மறைமுகமாக உள்ளே வந்துவிடுகிறது. இம்முறையின் பலவீனம் என்னவென்றால், மேகத்தைத் தவறாகக் கணித்ததால் வந்த பிழைக்கும் மண்ணே பழி சுமக்கும். நம் பகுதியில் வேறொரு குறையும் சேர்கிறது. நெடுங்காலமாக அளவெடுத்துவரும் நாகப்பட்டினம், காரைக்கால், அதிராம்பட்டினம் ஆகிய மூன்றும் கடற்கரை ஊர்கள். அங்கே பிற்பகல் வெப்பத்தை முடிவு செய்வது கடற்காற்று வந்து சேர்ந்த நேரம். உள்ளே வயலில் தண்ணீர் நின்றதா என்பது அந்த வெப்பமானிகளில் மங்கலாகவே பதியும். மறுகோடியில் திருச்சி, டெல்டாவின் தலைவாயிலில், வறண்ட நிலம் சூழ இருக்கிறது. நீடாமங்கலம், மன்னார்குடி, கும்பகோணம் போன்ற உள் ஊர்களின் அளவுகள் உலக மாதிரிகளுக்குள் போனால் இந்தத் திருத்தம் வெகுவாக மேம்படும்.

இனி, மண் ஈரத்தைச் சரியாகக் கொடுத்தால் எது மேம்படும் என்பதற்கு வருகிறேன். பகல் உச்ச வெப்பமும் காற்றின் ஈரப்பதமும் மேம்படும் என்பது உறுதி. இரவுக் குறைந்த வெப்பமும் மேம்படும்; ஈர மண் வெப்பத்தை அதிகம் சேமித்து மெல்ல விடுவதால் காய்ந்த நிலத்தைவிட மெதுவாகக் குளிர்கிறது. மார்கழி, தை விடியல் மூடுபனிக் கணிப்பு, தரையின் ஈரத்தையும் வெப்பத்தையும் மிக நுட்பமாகச் சார்ந்தது; அறுவடைக்கு நிற்கும் சம்பாவுக்கும் அதன் ஈரத்தில் தெளிக்கும் உளுந்து, பயறுக்கும் அது பயன்படக்கூடிய கணிப்பு. கடற்காற்று நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டால் எழுவது என்பதால், நிலம் நனைந்திருந்தால் அது வலுக் குறைந்து வரும். திசை இதுதான் என்பது உறுதி; எத்தனை கிலோமீட்டர் உள்ளே வருவது குறையும் என்பது, மேற்கிலிருந்து வரும் அன்றைய மேல்காற்று எவ்வளவு வலுவாக எதிர்த்து வீசுகிறது என்பதைப் பொறுத்தே அமையும். ஆடிக்காற்று முழு வேகத்தில் வீசும் நாட்களில் கடற்காற்றுக்குக் கரை தாண்டவே இடமிருக்காது. அந்த நாட்களில் இந்த வேறுபாடு எடுபடாது.

மழைக்கு வந்தால் நிலைமை வேறு. மண் ஈரம் மழையைக் கூட்டுமா குறைக்குமா என்பதே முடிந்துபோன கேள்வி அன்று. ஈர மண் காற்றுக்கு நீராவி தருகிறது. மேகத்தின் அடித்தளம் தாழ்கிறது. இடிமேகத்துக்கு வேண்டிய ஆற்றல் சேர்கிறது. இந்த வாதத்தின்படி ஈரம் மழையைக் கூட்ட வேண்டும். மறுபுறம், காய்ந்த நிலத்தின் மேல் காற்று நன்றாகச் சூடாகி உயரம் வரை புரள்கிறது. மேலே மூடியாக நிற்கும் வெப்ப அடுக்கை அதுதான் எளிதில் உடைக்கும். இந்த வாதத்தின்படி காய்ந்த மண் மழையைத் தூண்ட வேண்டும். 2004இல் ராண்டல் கோஸ்டரும் பிறரும் பன்னிரண்டு உலக மாதிரிகளை ஒப்பிட்டு, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மண் ஈரம் மழையை வலுவாகப் பாதிக்கும் இடங்களைக் குறித்தபோது, அமெரிக்கச் சமவெளி, ஆப்பிரிக்காவின் சாஹேல் ஆகியவற்றுடன் இந்தியாவும் அதில் இடம்பெற்றது. அதை வைத்து டெல்டாவுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த மாதிரிகளின் கட்டங்கள் மிகப் பெரியவை. டெல்டா முழுவதுமே அவற்றில் ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். 2012இல் கிறிஸ்டோபர் டெய்லரும் பிறரும் செயற்கைக்கோள் அளவுகளை உலகளவில் ஆராய்ந்தபோது, பிற்பகல் மழை சுற்றுப்புறத்தைவிடக் காய்ந்த மண்ணின் மேல் விழும் வாய்ப்பே கூடுதல் என்று வந்தது. பெரிய கட்ட மாதிரிகள் இதைக் காட்டத் தவறின. ஆல்ப்ஸ் மலைப்பகுதிக்காக 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் தெளிவானது. ஒரே மாதிரியை 25 கிலோமீட்டர் கட்டத்தில் ஓட்டியபோது ஈர மண் மழையைக் கூட்டியது, 2.2 கிலோமீட்டர் கட்டத்தில் ஓட்டியபோது குறைத்தது. இடிமேகத்தை நேரடியாகக் கணக்கிடுகிறோமா, தோராய வாய்பாட்டால் ஈடுசெய்கிறோமா என்பதிலேயே விடையின் குறி மாறிவிடுகிறது. ஆகவே சரியான மண் ஈரத்தைத் தவறான மேக வாய்பாட்டுடன் சேர்த்தால் மழைக் கணிப்பு மோசமாகவும் கூடும்.

டெல்டாவில் இந்தக் கேள்வி உயிரோடு இருப்பது ஆகஸ்ட், செப்டம்பர் மாதத்து மாலை இடிமழையில்தான். பிற்பகலில் புதுக்கோட்டை, கந்தர்வகோட்டை மேட்டு நிலங்களிலும், வடக்கே அரியலூர், பெரம்பலூர்ப் பக்கமும் எழும் மேகங்கள் மேல்காற்றில் கிழக்கே நகர்ந்து வரும். கடற்காற்றின் முனையைச் சந்திக்கும் இடத்தில் வலுக்கும். அவற்றுக்கு நடுவே நனைந்த டெல்டா ஒரு குளிர்ந்த பரப்பாகக் கிடக்கிறது. காய்ந்த மேட்டுக்கும் நனைந்த பள்ளத்துக்கும் இடையிலான எல்லையில், கடற்காற்றைப் போன்றே சிறு அளவில் ஒரு காற்றோட்டம் எழ வேண்டும். அந்த எல்லையோரம் மேகம் எழ வாய்ப்புக் கூட வேண்டும். 2016இல் இந்தியாவும் பிரிட்டனும் சேர்ந்து விமானத்தில் அளவெடுத்த ஆய்வில், வட இந்தியாவில் நனைந்த நிலத்துக்கும் காய்ந்த நிலத்துக்கும் இடையே இத்தகைய விளைவுகள் காணப்பட்டன. நம் பகுதியிலும் அது நடக்கும் என்றே எண்ணுகிறேன். ஆனால் இது நியாயமான எதிர்பார்ப்புதான், நிறுவப்பட்ட முடிவு அன்று. ஒருவேளை நடந்தாலும், அதனால் மேம்படக்கூடியது மழை எந்த வட்டாரத்தில், எந்த நேரத்தில் தொடங்கும் என்பதே. உங்கள் ஊரில் பெய்யுமா, பக்கத்து ஊரில் பெய்யுமா என்பதை மண் ஈரத்தால் தீர்க்க முடியாது.

வடகிழக்குப் பருவமழைக்கு இதைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நவம்பரில் மண் ஏற்கெனவே நிறைந்திருக்கும், வானம் மூடியிருக்கும், ஆவியாதலைக் கட்டுப்படுத்துவது வெயிலின் பற்றாக்குறைதான், நீரின் பற்றாக்குறை அன்று. மழைக்கு வேண்டிய ஈரம் வங்கக் கடலிலிருந்து வருகிறது. 2008இல் காரைக்கால் அருகே கரையேறிய நிஷா புயலோ, 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜாவோ எங்கே எப்போது வரும் என்பதில் வயலின் ஈரத்துக்குப் பங்கில்லை. வெள்ளத்தில் மட்டும் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அக்டோபர் முதல் வாரத்தில் பெய்யும் பத்து சென்டிமீட்டர் மழையை மண் ஓரளவு வாங்கிக்கொள்ளும். அதே மழை நவம்பர் கடைசியில் பெய்தால் ஏறக்குறைய முழுவதும் வடிகாலைத் தேடும். 2020இல் நிவர் வந்த மறுவாரமே புரெவி மன்னார் வளைகுடாவில் நின்று மழை கொட்டியபோது சம்பா மூழ்கியதற்கு, மழையின் அளவுடன் மண்ணின் நிலையும் காரணம். இந்த இடத்தில் மண் ஈரக் கணக்கை வானிலை மாதிரியிலிருந்து எடுத்து வெள்ள மாதிரிக்குக் கொடுப்பது இப்போதே பயன் தரும் வேலை. கடலின் ஏற்றவற்றமும் வடிகாலின் தூர்வும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். அவை என் துறைக்கு வெளியே உள்ளவை.

கடைசியாக உங்கள் சென்சார். ஒரு சென்சார் தன்னைச் சுற்றிச் சில சென்டிமீட்டர் மண்ணைத்தான் அறிகிறது. 3 கிலோமீட்டர் கட்டமுள்ள நுணுக்கமான மாதிரியில்கூட ஒரு கட்டம் 2,200 ஏக்கருக்கு மேல். கனத்த களியில் இன்னொரு தொல்லையும் உண்டு. மண் காய்ந்து சுருங்கும்போது சென்சாரின் கம்பியை விட்டு விலகி இடையில் காற்று புகுந்துவிடும். கருவி உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். அடுத்த பாய்ச்சலில் தண்ணீர் அந்த இடுக்கின் வழியே நேராக இறங்க, ஒரே மணி நேரத்தில் முழு ஈரம் என்று காட்டும். கடலோர உப்பு மண்ணில் மலிவான மின்தேக்கு வகைக் கருவிகள் உள்ளதைவிட ஈரத்தைக் கூட்டிக் காட்டும். சரியாக அளந்தாலும் அந்த எண்ணை அப்படியே மாதிரியில் போட முடியாது. 20 விழுக்காடு ஈரம் மணலில் நன்றாக நனைந்த மண். களியில் பயிர் வாடும் நிலை. ஒரு மாதிரியின் 30 விழுக்காடும் இன்னொரு மாதிரியின் 30 விழுக்காடும்கூட ஒன்றல்ல. நிறைவுக்கும் வாடலுக்கும் இடையே எந்த இடத்தில் நிற்கிறது என்ற விகிதமாக மாற்றினால்தான் அது பேசும். ஆகவே சென்சார் வாங்குவதானால் 10 சென்டிமீட்டரிலும் 30 சென்டிமீட்டரிலும் ஒவ்வொன்று பதியுங்கள். அவ்வப்போது அதன் அருகிலேயே மண் எடுத்து எடைபோட்டு, 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி மறுபடி எடைபோட்டு ஒப்பிடுங்கள். அடுப்பு வசதிக்கு அருகில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தைக் கேட்கலாம்.

ஆனால் அந்தச் செலவில்லாமலேயே இதைவிடப் பயனுள்ள தகவலை உங்களால் தர முடியும். வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள், சேற்றுழவு ஓட்டிய நாள், நட்டதா நேரடி விதைப்பா, தண்ணீர் கட்டிய நாட்கள், வடித்த நாட்கள், அறுவடை நாள் ஆகியவற்றை வயலின் இருப்பிடத்துடன் எழுதி வையுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுபவர்கள் வயலில் பதிக்கும் துளையிட்ட நீர்க்குழாயில், நீர் மண்மட்டத்துக்கு மேலே எத்தனை விரற்கடை, கீழே எத்தனை என்று தினம் ஒருமுறை குறித்தால் அது மாதிரிக்கு நேரடியாக உதவும். களியில் எந்த சென்சாரைவிடவும் அது நம்பத்தகுந்தது. ஒரே ஆற்றின் வழியே, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரியும் பாமணியாறு என்று வைத்துக்கொள்ளுங்கள், தலைப்பில் ஒருவர், மன்னார்குடி அருகில் ஒருவர், முத்துப்பேட்டைப் பக்கம் ஒருவர் என்று குறிப்பெழுதினால், தண்ணீர் வந்து சேரும் வேகம் ரேடார் படத்துடன் ஒப்பிடும் வகையில் கிடைக்கும். அத்துடன் வெயில் படாத, காற்றோட்டமுள்ள கூண்டில் ஓர் ஆள் உயரத்தில் வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் எளிய கருவி ஒன்று வயல் நடுவில் இருக்கட்டும். ஒரு முழுக் குறுவைக்கு இந்தப் பதிவுகள் கிடைத்தால், அதே நாட்களை மாதிரியில் இரண்டு முறை ஓட்டலாம்: மழை நீரை மட்டும் நம்பிய மண்ணுடன் ஒரு முறை, நீங்கள் குறித்த நாட்களில் தண்ணீர் கட்டிய மண்ணுடன் இன்னொரு முறை. இரண்டில் எது உங்கள் கூண்டின் வெப்பமானியை நெருங்குகிறது, எத்தனை டிகிரி நெருங்குகிறது என்பதை அப்போது எண்ணாகவே சொல்லலாம்.